அப்பாவின் முள், அம்மாவின் முள்

அம்மா எழும் ஓசையைக் கொண்டே அன்றைக்கு அவர் கால் எப்படி இருக்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும். முதலில் கட்டில் முனகும். பிறகு சற்று நேரம் ஓசையே இருக்காது. அப்போது அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்து உள்ளங்கை சுவரில் பதியும். அதன்பின் குதிகால் தரையில் படாமல் விரல்களால் ஊன்றி ஊன்றிக் குளியலறை வரை நடப்பார். 11 ஆண்டுகள் இதைக் கேட்டிருக்கிறேன். பத்து நிமிடம் நடமாடினால் வலி தணிந்துவிடும் என்பதால் அதை ஒரு நோயாகவே அம்மா எண்ணவில்லை. "வயதாகிறது அல்லவா" என்பார். அது தொடங்கியபோது அவருக்கு 52 வயதுதான்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றால் மலேசியத் தமிழர்களுக்கு உடனே விளங்கும். அம்மா 14 வயதில் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போனவர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் தளர்ந்துவிடும். அதனால் விடியுமுன்னே பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்கிவிட வேண்டும். ஒருவர் கணக்கில் 400, 500 மரங்கள். மேடும் பள்ளமுமான நிலத்தில் மரத்துக்கு மரம் நடந்து வெட்டி முடித்து, மறுபடியும் அதே மரங்களைச் சுற்றி வந்து மங்குகளில் இருக்கும் பாலை வாளியில் சேர்த்து, நிறைந்த வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. மலாய்க்காரர்கள் அதைச் செல்லமாக 'அடிடாஸ் கம்போங்', கிராமத்து அடிடாஸ், என்பார்கள். இப்போது மலையேறுகிறவர்கள் அதை விரும்பி வாங்கி அணிகிறார்கள். வழுக்காது, நனைந்தாலும் கெடாது, விலையும் குறைவு. ஆனால் உள்ளே மெத்தென்று ஒன்றும் இருக்காது. பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை போட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டிலிருந்து பட்டணத்துத் தாமானுக்கு, வீடமைப்புப் பகுதிக்கு, வந்தோம். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாள்தோறும் ஆறு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்கும் வேலை.

எங்கள் குடும்பங்களில் காலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு: நடக்க முடிகிறதா? முடிகிறது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என் வீட்டிலேயே நான்கு பேரின் காலுக்கு அந்தக் கேள்வியால் கேடு நேர்ந்திருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் அப்பா. அவர் செம்பனைக் குலை வெட்டியவர். செம்பனை மட்டையில் இருக்கும் முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கூர்மை தெரியும். ஒருநாள் பூட்ஸின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் அவர் இடது பாதத்தில் ஏறியது. அது ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. நீரிழிவு அவருடைய பாதத்து நரம்புகளை ஏற்கெனவே மழுங்கடித்திருந்தது. ஐந்து நாட்கள் அதே காலோடு வேலைக்குப் போனார். ஆறாம் நாள் காலுறை நனைந்திருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். நடக்க முடிகிறதா என்று நாங்கள் கேட்டோம். நன்றாக நடக்கிறேன் என்றார். அது உண்மையும்கூட. வலித்திருந்தால்தானே நொண்டுவார். அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதன்பின் அவர் அதிக ஆண்டுகள் இருக்கவில்லை.

பிறகு அம்மாவின் குதிகால். வலி தொடங்கி இரண்டாம் ஆண்டில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். குதியெலும்பின் அடியில் ஒரு சிறு கூர்முனை நீட்டிக்கொண்டிருந்தது. "எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது, அதுதான் குத்துகிறது" என்றார் அங்கிருந்தவர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் முள் என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணச் சொல் அன்று. அன்றிலிருந்து அம்மாவின் மனத்தில் அவர் குதிகாலுக்குள் ஒரு செம்பனை முள் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அது சதையைக் கிழிக்கிறது என்றே நம்பினார். நடையைக் குறைத்தார். மாலையில் கோயிலுக்கு நடந்து போவதை நிறுத்தினார். எடை கூடியது. கெண்டைக்கால் இறுகியது. குதிகாலில் ஊசி போட்டார்கள். ஆறு வாரம் நிம்மதி, பிறகு பழைய வலி. மறுபடியும் ஊசி, மறுபடியும் அதே கதை. இத்தகைய ஸ்டீராய்டு ஊசி சிறிது காலத்துக்கு வலியை அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பாதத்து நார் அறுந்துபோகவும், குதிகாலின் இயற்கையான கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு, அரசாங்க சுகாதார நிலையத்தில் நீரிழிவுப் பரிசோதனைக்குப் போன இடத்தில், அம்மா நடந்து வந்ததைப் பார்த்த ஒரு மருத்துவரே பிசியோதெரபிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குச் சற்று ஏமாற்றம். மருந்து எழுதவில்லையே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. நான் முன்பு ஓரிடத்தில் கண்ட பிசியோதெரபி, கணுக்காலில் ஓர் இயந்திரத்தைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்ட பிசியோதெரபி. அதை மட்டும் செய்து அனுப்புகிறவர்களிடம் போகாதீர்கள் என்று இன்றைக்கு யாரிடமும் துணிந்து சொல்வேன்.

இங்கே நாங்கள் கண்டது வேறு. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு மலாய்ப் பெண். அம்மாவை 'மக்சிக்', அத்தை, என்று அழைத்து எதிரில் உட்காரவைத்தார். காலைத் தொடவில்லை. ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டார். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எந்தத் தரையில் நிற்கிறீர்கள், வீட்டில் காலில் என்ன அணிகிறீர்கள், எந்த அடி அதிகம் வலிக்கிறது. காலையில் ஊன்றும் முதல் அடி என்று அம்மா சொன்னதும் தலையசைத்தார். பிறகு நடக்கச் சொன்னார், நுனிக்காலில் எழும்பச் சொன்னார். சுவர் பக்கம் திருப்பி நிறுத்தி, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். வலது கால்விரலுக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வரை தொட முடிந்தது. இடது காலில் ஒன்றரை விரல்தான். "வலி குதிகாலில். ஆனால் இறுக்கம் இங்கே" என்று கெண்டைக்காலைத் தட்டிக் காட்டினார்.

அதன்பின் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அம்மாவைக் கண்களை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் ஓரிடம் ஓரிடமாக அதை லேசாக வளையும் அளவுக்கு அழுத்தினார். 10 கிராம் விசை மட்டுமே தரும் இழை அது. தொடுவது தெரிகிறதா என்று கேட்டபோதெல்லாம் அம்மா தெரிகிறது, தெரிகிறது என்றார். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் உள்ளங்கால் மேடு, குதி. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பாவுக்கு முதல் ஆண்டே யாராவது இந்த இழையை வைத்துப் பார்த்திருந்தால் அந்த முள்ளை ஐந்து நாள் மிதித்திருக்க மாட்டார் என்ற எண்ணத்தைத் தடுக்க முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே மிக அதிகம். இதைப் படிக்கிறவர் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். நாள்தோறும் இரவில் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கலாம். உணர்வு மழுங்கிய காலை வெந்நீரில் ஊறவைக்கவே கூடாது. கொப்புளம் எழும்பும்வரை சூடு தெரியாது. அதேபோல, அடி எதுவும் படாமலே ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் பயிற்சி, உருவல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளே எலும்புகள் உணர்வில்லாமல் நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

அம்மாவின் கால் எல்லா இடத்திலும் உணர்ந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த அந்தப் பெண், முள்ளைப் பற்றி அம்மா கேட்குமுன் தானே சொன்னார். வலியே இல்லாத எத்தனையோ பேர் குதிகாலில் இதே கூர்முனை இருக்கிறது. இது எதையும் குத்தவில்லை. வெட்டி எடுக்க வேண்டியதும் இல்லை. நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். அம்மா மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். "அப்படியானால் உள்ளே முள் இல்லையா?" என்றார். ஒன்பது ஆண்டுகள் அவர் அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

உண்மையில் நடந்தது என்ன என்பதை அந்தப் பெண் தன் காலணியைக் கழற்றித் தன் காலிலேயே காட்டி விளக்கினார். குதியெலும்பின் அடியில் தொடங்கி ஐந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று விசிறிபோல் விரிந்து ஓடுகிறது. பாதத்தின் வளைவு வில் என்றால் அது நாண். விரல்களை மேல்நோக்கி மடக்கினால் நாண் இறுகும், வளைவு உயரும். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை அந்த நாணில் விழுகிறது. நெடுநேரம் நிற்பவர்களுக்கும், எடை கூடியவர்களுக்கும், கெண்டைக்கால் இறுகியவர்களுக்கும் நார் குதியெலும்போடு சேரும் இடத்தில் தேய்ந்து பழுதாகிறது. இரவில் தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கெண்டைக்காலும் இந்த நாரும் சுருங்கியே கிடக்கின்றன. விடிந்து எழுந்து நிற்கும்போது ஒரே நொடியில் முழு எடையும் அதை இழுக்கிறது. முதல் அடி ஏன் நெருப்பாக இருக்கிறது என்பதற்கு இதுதான் விடை. இதைக் கேட்டபோது அம்மாவின் முகத்தில் தெரிந்த தெளிவை எந்த மாத்திரையாலும் தந்திருக்க முடியாது.

வைத்தியம் அந்த முதல் அடிக்கு முன்பே தொடங்கியது. கட்டிலில் உட்கார்ந்தபடியே இடது காலை வலது தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்து, உள்ளங்காலில் நார் கயிறுபோல் விறைப்பதை மற்ற கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும். பத்து முறை. அதற்குப் பிறகுதான் தரையில் கால். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி காலையும் மாலையும். மூன்றாம் வாரத்திலிருந்து முக்கியமான ஒன்றைச் சேர்த்தார்: படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெல்ல நுனிக்காலில் எழும்பி, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் இரண்டு காலிலும், பழகியபின் இடது காலில் மட்டும், அதன்பின் முதுகில் புத்தகப் பையோடு. வலிக்கிற காலுக்கு இவ்வளவு சுமையா என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டென்மார்க்கில் இந்த முறையை நார் நீட்டும் பயிற்சியோடு ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் மாதத்தில் சுமைப் பயிற்சி செய்தவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன. நாருக்கு ஓய்வு மட்டும் கொடுத்தால் அது பலவீனமாகவே இருந்துவிடுகிறது. தாங்கும் அளவுக்குச் சுமை கொடுத்தால்தான் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்கிறது.

எல்லாவற்றையும் அம்மா ஒப்புக்கொண்டார், ஒன்றைத் தவிர. வீட்டுக்குள் செருப்பு அணிய வேண்டும் என்றார் அந்தப் பெண். தரை ஓடு பதித்த வீட்டில் வெறுங்காலோடு நாள் முழுவதும் நடப்பது பழுதான நாருக்கு ஆகாது. "வீட்டுக்குள் செருப்பா? சாமி இருக்கும் வீட்டிலா?" என்று அம்மா என்னைத் தமிழில் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவே தேவையில்லாமல் போனது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, தங்கள் வீட்டிலும் அப்படித்தான், தன் தாயும் இதையேதான் கேட்டார் என்றார். புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அதை வாசலைத் தாண்டவிடாமல் வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார். மெத்தென்ற அடியுள்ள ஒரு ஜோடியை வாங்கினோம். இன்றுவரை அது வெளியே போனதில்லை. சாமி மேடைக்கு முன் மட்டும் கழற்றிவிடுவார்.

என் கணுக்காலின் கதை இதைவிடச் சிறியது, ஆனால் ஊரில் பெரும்பாலோருக்கு நேர்வது அதுதான். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்தில் படிக்கும்போது, இரவு டியூஷன் முடிந்து வரும் வழியில் லோங்காங் என்னும் சாக்கடைக் கால்வாயின் விளிம்பில் கால் வைத்தேன். இடது பாதம் உட்பக்கமாக மடிந்தது. வெளிப்பக்கம் முட்டைபோல் வீங்கியது. அடுத்த வீட்டுப் பாட்டி கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் காலால் தடவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. விளக்கெண்ணெய் பூசி, அவர் பாதத்தால் என் கணுக்காலை மூன்று முறை வருடினார். அந்த வருடலின் மென்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பத்து நாளில் நடந்தேன். நடக்க முடிகிறதா? முடிகிறது. முடிந்தது பேச்சு.

இரண்டாம் முறை பள்ளி விளையாட்டுப் போட்டியில் மாணவர்களோடு ஓடியபோது. மூன்றாம் முறை பத்துமலையின் 272 படிகளில் இறங்கியபோது, கடைசிப் படிகளில். நான்காம் முறை எந்தக் காரணமும் இல்லாமல், பள்ளியின் சமதளமான நடைபாதையில். அம்மாவோடு பிசியோதெரபிக்குப் போன இடத்தில் இதைச் சொன்னேன். அந்தப் பெண் என்னை வலது காலில் மட்டும் கண்களை மூடி நிற்கச் சொன்னார். இருபது நொடிக்கு மேல் நின்றேன். இடது காலில் மூன்றாவது நொடியில் சாய்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் நொண்டாமல் நடந்த கால் அது.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் இருக்கின்றன. அவை வெறும் கயிறு அல்ல. அவற்றுக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தியை அவை நொடிக்கு நொடி மூளைக்கு அனுப்புகின்றன. நார் கிழியும்போது இந்தச் செய்தித் தொடர்பும் கெடுகிறது. நார் ஆறிவிடலாம், வீக்கம் வற்றிவிடலாம், ஆனால் செய்தி தாமதமாகவே போகிறது. பாதம் மடியத் தொடங்கியபின் அதைத் தடுக்க வேண்டிய வெளிப்பக்கத் தசை விழித்துக்கொள்வதற்குள் கால் மடிந்து முடிந்திருக்கும். ஒருமுறை சுளுக்கியவருக்குத் திரும்பத் திரும்பச் சுளுக்குவது இதனால்தான். இதற்கு எண்ணெயும் மருந்தும் இல்லை, பயிற்சி மட்டுமே உண்டு. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. பிறகு மடித்த தலையணைமேல் நிற்பது, அப்படி நின்றபடியே யாராவது எறியும் பந்தைப் பிடிப்பது, கடைசியில் ஒற்றைக் காலில் தாவி அசையாமல் இறங்குவது. மூன்று மாதம் செய்தேன். பந்து எறிந்தவர் அம்மா.

சுளுக்கிய முதல் நாட்களைப் பற்றியும் ஒன்று. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் ஒரே வாய்பாடாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். 2014இல் அவரே, முழு ஓய்வும் நீண்ட நேரப் பனிக்கட்டியும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். இப்போது பிசியோதெரபி செய்பவர்கள் சொல்வது: முதல் ஓரிரண்டு நாள் காலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், துணிப்பட்டையால் கட்டி உயர்த்தி வையுங்கள், பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே அசைக்கவும் ஊன்றவும் தொடங்குங்கள். வீங்கிய அன்றே சூடு காட்டி அழுத்தி உருவுவது வேண்டாம்.

உருவுவதைப் பற்றிச் சொல்லும்போது என் அக்காள் மகனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 16 வயது, பந்து விளையாடுபவன். ஓர் ஆட்டத்தில் கால் மடிந்தது. சுளுக்கு என்று சொல்லிப் பக்கத்துக் கிராமத்தில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவரிடம் கொண்டுபோனார்கள். மூன்று வாரத்தில் நான்கு முறை உருவினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு. எங்கள் வீட்டுக்கு அவன் நொண்டிக்கொண்டு வந்தபோது, பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிக்கும் நடுவே மேடாக இருக்கும் எலும்பை ஒரு விரலால் தொட்டேன். "சின்னம்மா, வேண்டாம்!" என்று அலறினான். மறுநாள் எக்ஸ்ரேயில் அந்த எலும்பின் அடிப்பகுதியில் முறிவு தெரிந்தது. முறிந்த எலும்பைத்தான் மூன்று வாரம் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள்.

அந்த இடத்து முறிவை 1902இல் விவரித்தவர் லிவர்பூலில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ். நடனமாடும்போது தன் பாதமே அப்படி முறிந்ததைத்தான் அவர் எழுதினார். அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிந்த எலும்பு எளிதில் ஒன்றுசேராது. சிலருக்குத் திருகாணி போட வேண்டிவரும். எங்கள் பையனுக்கு மாவுக்கட்டும் ஊன்றுகோலும் போதுமானதாக இருந்தது.

சுளுக்கா முறிவா என்று பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வகுத்தது. அடிபட்டவுடனும், மருத்துவர் முன்னாலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். நடக்க முடிந்தாலும், கணுக்காலின் இரு பக்க முட்டெலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தின் வெளி ஓரத்தில் நான் தொட்ட அந்த மேட்டிலோ, உட்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பிலோ விரலால் அழுத்தினால் வலித்தாலும் எக்ஸ்ரே வேண்டும். நீரிழிவால் உணர்வு மழுங்கிய காலுக்கு இந்தக் கணக்கை நம்பக்கூடாது. உருவுகிறவர்கள் எல்லோரும் இந்த நான்கு இடங்களை முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால் எத்தனையோ பிள்ளைகளின் கால் பிழைக்கும். உருவுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தோட்டத்தில் டிரசர் என்ற மருத்துவ உதவியாளரைத் தவிர வேறு யாரும் இல்லாத காலத்தில் எங்களைத் தொட்டு ஆற்றியவர்கள் அவர்கள்தான்.

கட்டுப் பிரித்தபின் அவன் கெண்டைக்கால் பாதியாக மெலிந்திருந்தது. நொண்டாமல் நடந்த முதல் நாளே பந்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். அக்காளும் சம்மதித்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். ஒற்றைக் காலில் எத்தனை முறை நுனிக்காலில் எழும்ப முடிகிறது, எவ்வளவு தூரம் தாவ முடிகிறது என்று இரண்டு காலையும் அளந்து, அடிபட்ட கால் மற்ற காலை ஏறக்குறைய எட்டிப்பிடித்த பிறகுதான் பிசியோதெரபியில் அவனை மைதானத்துக்கு விட்டார்கள்.

கெண்டைக்காலைக் குதியெலும்போடு இணைக்கும் குதிநாணில் ஓடுகிறவர்களுக்கு வரும் வலிக்கும் இதே சுமைப் பயிற்சிதான் அடிப்படை. படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியை ஸ்வீடனின் ஹோகன் அல்ஃப்ரெட்சன் 1998இல் 12 வாரத் திட்டமாக வெளியிட்டார்; இன்றும் அதன் வழியில்தான் பயிற்சி தருகிறார்கள். ஆனால் ஓடும்போது குதிநாணில் 'பட்' என்று சத்தம் கேட்டு, நுனிக்காலில் எழும்பவே முடியாமல் போனால் அது அறுந்த நாண். பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வழி தெரியாதவர்களுக்காக: அரசாங்க சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். பிசியோதெரபிக்குக் கடிதம் வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. தனியாரிடம் போவதென்றால், துணை மருத்துவத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். வேலையிடத்திலோ வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டால் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பிடம் தெரிவியுங்கள். இப்போது பெர்கெசோ என்கிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மறுவாழ்வுச் சிகிச்சையும் அதில் அடங்கும். எங்கள் ஊர் ஆட்கள் விபத்துப் பணத்தைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

ஐந்தாம் மாதம் அம்மா தன் ஆசையைச் சொன்னார். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும். வெறுங்காலோடு. மொழிபெயர்க்கும்போது என் குரல் தயங்கியது. செருப்பையே கழற்றக்கூடாது என்றவரிடம் இதை எப்படிக் கேட்பது? அந்தப் பெண் கண்டிக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர், தார்ச் சாலையா, எத்தனை மணிக்கு, கையில் எவ்வளவு எடை, வழியில் உட்கார இடம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பத்து வாரத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் பள்ளித் திடலின் புல்லில் வெறுங்காலோடு ஐந்து நிமிடம். பிறகு பத்து. ஏழாம் வாரத்தில் தார்ச் சாலை. மறுநாள் காலை முதல் அடியின் வலியைப் பத்துக்கு இத்தனை என்று ஒரு தாளில் குறித்துவர வேண்டும். நான்கைத் தாண்டினால் அந்த வாரம் கூட்டக்கூடாது. அம்மா ஒருநாளும் தவறாமல் குறித்தார். அவருக்கு எழுதப் பழக்கம் குறைவு. எண்களை மட்டும் பெரிது பெரிதாகப் போட்டிருப்பார்.

தைப்பூசத்தன்று சாலை சூடாகுமுன் போய்விட வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பினோம். அதே நேரம்தான், அவர் 14 வயதில் பிரட்டுக்குக் கிளம்பிய நேரம். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு குதிகால் தரையில் முழுதாகப் படிய நடந்தார். நான் பின்னாலேயே அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை கட்டில் முனகியது. நான் என் அறையில் விழித்துக் கிடந்தேன். பிறகு அம்மாவின் குரல் கேட்டது. அந்தப் பெண் எண்ணச் சொல்லிக் கொடுத்தபடியே மலாயில் எண்ணிக்கொண்டிருந்தார்: சத்து, டுவா, தீகா. பத்து முறை முடியும்வரை காத்திருந்தேன். சுவரில் கை பதியவில்லை. அடுப்படியில் விளக்கு எரிந்தது. எழுந்து போய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மூன்று போடலாம்" என்று சொல்லிவிட்டுத் தாளைத் தேடினார்.